கொஞ்சுவதற்கல்ல, கவனிப்பதற்கே!

("வளர்ப்பு உயிர்கள் நமக்கு எதற்கு? கொஞ்சவா? கவனிக்கவா?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், "கவனிக்கவே" அணியின் நிறைவுரை.)

நடுவர் அவர்களே! இரண்டு அணியிலும் வாதாட வந்திருக்கின்ற நாவலர்களே! அரங்கு நிறைய அமர்ந்திருக்கின்ற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டுக் கூடத்திலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே ஒரு கையில் காப்பியும் ஒரு கையில் முறுக்குமாக உட்கார்ந்திருக்கின்ற அன்பு உறவுகளே! அந்த முறுக்கிலிருந்து உதிர்ந்த துணுக்கைத் தூக்கிக்கொண்டு போகக் கிளம்பிவிட்ட எறும்புகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். (கைதட்டல்)

எறும்புக்கு ஏன் வணக்கம் சொன்னேன் என்றால், இன்றைக்கு நான் வழக்காட வந்திருப்பது அவர்களுக்காகத்தான். எங்கள் வீட்டில் எறும்பு வளர்க்கிறோம். தெரியாமல் வளர்வதல்ல, தெரிந்தே வளர்க்கிறோம். (சிரிப்பு)

இதைக் கேள்விப்பட்டதும் எதிரணி அம்மையார் என்னை ஒரு பிடி பிடித்தார்கள். "ஐயா, எறும்பை யாராவது வளர்ப்பாங்களா? சர்க்கரை டப்பாவை மூடாம வெச்சா அது தானா வளரும்!" என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் முதன்முதலாக இதே வசனத்தைப் பேசியது என் மனைவி. அங்கே கைதட்டாமல் தப்பிக்க முடியுமா? (பலத்த சிரிப்பு)

அம்மையார் அடுத்துச் சொன்னது நாயைப் பற்றி. வேலை முடிந்து களைத்து வீட்டுக்கு வந்தால், வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து மேலே தாவுகிறதே, அந்த அன்புக்கு ஈடு உண்டா என்று கேட்டார்கள். இல்லை, அம்மா. ஒத்துக்கொள்கிறேன். எறும்பு வாலை ஆட்டாது. பெயர் வைத்துக் கூப்பிட்டால் வராது. மடியில் உட்காராது. அப்படி உட்கார்ந்தாலும் நாம் உட்கார முடியாது. (சிரிப்பு) ஆனால் என் வாதமே அங்கேதான் ஆரம்பமாகிறது. நாய் நம்மைத் திரும்பக் கொஞ்சுகிறது. அதனால் நாம் கொஞ்சுகிறோம். கொடுக்கல் வாங்கல் சரியாகப் போய்விடுகிறது. நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஓர் உயிரை நாம் எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதிலேதான் நம்முடைய தகுதி தெரியும்.

நடுவர் அவர்களே, தமிழிலே "கவனி" என்று ஒரு சொல் இருக்கிறது. முப்பது வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன், எனக்கு இதன் மேல் தீராத ஆசை. "கரும்பலகையைக் கவனி" என்றால், பார் என்று பொருள். "வந்தவங்களைக் கவனி" என்றால், இலையைப் போடு என்று பொருள். "அப்பாவைக் கடைசி வரைக்கும் நல்லா கவனிச்சுக்கிட்டான்" என்றால், தாங்கினான் என்று பொருள். அலுவலகத்திலே போய் நின்றால், "கொஞ்சம் கவனிங்க சார்" என்பான்...

(நடுவர்: ஐயா, அந்தப் பொருள் வேண்டாம். இது டி.வி.யில் வரும்!)

சரி, விட்டுவிடுகிறேன். பார்ப்பதற்கும் பராமரிப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறான் தமிழன். சும்மாவா வைத்தான்? ஒன்றை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் அதை ஒழுங்காகப் பராமரிக்க முடியும். இதுதான் எங்கள் அணியின் கட்சி. இதற்கு என் வீட்டுக் கதைதான் சாட்சி.

என் மகளும் மருமகனும் பெங்களூரில் வேலை. பேரன் திருச்சியிலே எங்களோடு. நாலாம் வகுப்பு. போன வருஷம் ஐப்பசி. நல்ல மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். வாசல் டியூப் லைட்டைச் சுற்றிச் சிறகு முளைத்த பூச்சிகள். என் மனைவி, "ஈசல் வந்துருச்சு, லைட்டை அணைங்க" என்றாள். பேரன் சொன்னான், "பாட்டி, எல்லாம் ஈசல் இல்லே. இது எறும்பு."

"என்னடா வித்தியாசம்?" என்றேன். அந்த நாலாம் வகுப்பு, இந்த முனைவருக்குப் பாடம் எடுத்தது. ஈசல் என்பது கறையான். அதற்கு நாலு சிறகும் ஒரே அளவு, இடுப்பே கிடையாது, உணர்கொம்பு நேராக மணி கோத்த மாதிரி இருக்கும். எறும்புக்கு முன்சிறகு பெரிசு, பின்சிறகு சிறிசு, இடுப்பு நூல் மாதிரி, உணர்கொம்பு நம்ம முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். இத்தனை வருஷம் மழைக்காலத்திலே இரண்டையும் ஒரே துடைப்பத்தால் கூட்டித் தள்ளியிருக்கிறேன். ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

அதிலே ஒரு கட்டெறும்பு. பெரியது. சிறகைத் தானே ஒடித்துப் போட்டுவிட்டுத் திண்ணை ஓரமாக நடந்து போகிறது. "தாத்தா, இது ராணி! கல்யாணம் முடிஞ்சு வீடு தேடிப் போகுது" என்றான்.

பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியை அவனுக்கு ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாய் கொடுத்திருந்தார். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அதன் மேல் பஞ்சை இறுக அடைத்தான். பஞ்சு நனைந்து ஈரம் கொடுக்கும், தண்ணீர் கசியாது. மீதி இடத்தில் ராணியை விட்டு, வாயில் இன்னொரு பஞ்சு. முடிந்தது அரண்மனை. மகாராணிக்கு இவ்வளவுதான் செலவு. எதிரணி நண்பர் ஒருவர், நாய்க்குட்டிக்கு மாதம் என்ன செலவாகிறது என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அந்தப் பஞ்சு ஞாபகம் வந்தது. (சிரிப்பு)

"சாப்பாடு?" என்று கேட்டாள் என் மனைவி. எதை வீட்டுக்குக் கொண்டு வந்தாலும் பெண்கள் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். கையிலே எறும்பு சாக்பீஸ், வாயிலே "சாப்பாடு?" (சிரிப்பு, கைதட்டல்)

"வேணாம் பாட்டி. முதல் பிள்ளைங்க வர்ற வரைக்கும் அது சாப்பிடாது" என்றான்.

தாய்மார்கள் இதைக் கேளுங்கள். அந்த ராணி வாழ்க்கையிலே பறப்பது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறைக்குத்தான் சிறகு. இறங்கியதும் சிறகை ஒடித்துப் போட்டுவிடுகிறாள். இனிமேல் பறக்கப் போவதில்லை என்பதால், சிறகை ஆட்டுவதற்காக உடம்பில் இருந்த தசை அத்தனையும் உள்ளேயே கரைகிறது. அதைத்தான் ஆகாரமாக்கித் தன் முதல் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறாள். வாரக்கணக்கில் ஒரு பருக்கை கிடையாது. தான் பறந்த வலிமையைக் கரைத்துப் பிள்ளைக்குப் பாலாக்குகிறாள். மேடையில் நான் தாய்மையைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்தக் குழாயைப் பார்த்த அன்றைக்கு, பேச்சு வரவில்லை. (பலத்த கைதட்டல்)

இன்னொன்றும் சொல்கிறேன். கூட்டிலே வேலை செய்கிற எறும்பு அத்தனையும் பெண். ஆண் எறும்புக்கு ஒரே வேலை, அந்தக் கல்யாணத்துக்குப் பறப்பது. முடிந்ததும் செத்துப் போகிறான். (பெண்கள் பக்கம் கைதட்டல்) இதற்கு ஏன் அம்மா இவ்வளவு கைதட்டல்? (பலத்த சிரிப்பு)

எதிரணித் தலைவர், "எறும்பை உட்கார்ந்து பார்ப்பது வேலையற்றவன் வேலை" என்றார். ஜான் லப்பக் என்று இங்கிலாந்திலே ஒருவர். வங்கி முதலாளி, நாடாளுமன்ற உறுப்பினர், சார்லஸ் டார்வினுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். வேலையற்றவரா? அவர் இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவிலே எறும்புக் கூடு வைத்து வீட்டில் வளர்த்தார். ஒவ்வோர் எறும்புக்கும் சாயப்பொட்டு வைத்து அடையாளம் கண்டார். காது கேட்கிறதா என்று பார்க்க வயலின் வாசித்தார். எறும்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சில கச்சேரிகளில் நம்மவர்கள் மாதிரி! (சிரிப்பு)

ஒரு நாள் சில எறும்புகளைச் சாராயத்தில் நனைத்துப் போதையேற்றி விட்டார். குடிக்காத எறும்புகள் வந்து பார்த்தன. தள்ளாடிக் கிடந்தவன் தன் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்றால், பெரும்பாலும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டன. வேற்றுக் கூட்டத்தான் என்றால், பெரும்பாலும் தண்ணீரில் தள்ளிவிட்டன. (சிரிப்பு) நம்ம ஊரிலும் இதேதான் நடக்கிறது. ராத்திரி பத்து மணிக்குத் தெரு முனையில் நின்று பாருங்கள்.

லப்பக் 1882-இல் இதையெல்லாம் எழுதிப் புத்தகம் போட்டார். 1874-இல் அவரிடம் வந்த ஒரு ராணி எறும்பு 1888 வரை உயிரோடு இருந்தது. வேடிக்கை என்ன தெரியுமா? இங்கிலாந்திலே வங்கிகளுக்கு விடுமுறை நாள் வேண்டும் என்று 1871-இல் சட்டம் கொண்டுவந்தவரும் இவரே. லீவே எடுக்காத எறும்பைக் கவனித்தவர்தான் மனிதனுக்கு லீவு வாங்கிக் கொடுத்தார். (கைதட்டல்)

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? புறநானூற்றிலே 173-ஆம் பாட்டு. பாடியவன் ஒரு சோழ ராஜா, கிள்ளிவளவன். சிறுகுடி பண்ணன் என்கிற வள்ளல் வீட்டிலே சோறு வாங்கிக்கொண்டு கையில் ஏந்தியபடி பிள்ளைகள் வரிசையாகப் போகிறார்கள். அதைப் பார்த்த அரசனுக்கு, மழைக்கு முன்னாலே முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போகிற எறும்பு வரிசை ஞாபகம் வருகிறது. நாட்டை ஆண்டவனுக்கு எறும்பைக் குனிந்து பார்க்க நேரம் இருந்திருக்கிறது. நான் அந்தப் பாட்டை வகுப்பிலே முப்பது வருஷம் நடத்தினேன். எறும்பு முட்டையை ஒரு நாளும் பார்த்ததில்லை. இந்த அழகில் நான் தமிழ்ப் பேராசிரியர்!

இனிமேல் நான் சொல்லப் போவது என் தவறு. மேடையிலே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த ராணி முட்டை இட்டது. எட்டோ பத்தோ. வெள்ளை எள் மாதிரி ஒரு சின்னக் குவியல். பேரன் குழாயைக் கறுப்புத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தான். "தாத்தா, இதை இருட்டிலே விட்டுடணும். ஆட்டக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்" என்றான். பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "வாங்க சார், ஒரு அதிசயம் காட்டறேன்" என்று எடுத்தேன். மறுநாள் கல்லூரி நண்பர் வந்தார், எடுத்தேன். பால்காரர் வந்தார், எடுத்தேன். எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட விடவில்லை. (சிரிப்பு) வெளிச்சத்திலே தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிக் காட்டினேன். பெருமை! என் வீட்டு ராணி! என் வீட்டு முட்டை!

ஞாயிற்றுக்கிழமை பேரன் துணியை விலக்கிப் பார்த்தான். முட்டையைக் காணோம். ஒன்றுகூட இல்லை.

குழாய் மூடியே இருக்கிறது. எங்கே போயிற்று? அவனுக்குத் தெரிந்திருந்தது. ஓயாமல் ஆட்டினாலும் வெளிச்சம் பட்டாலும், இது பத்திரமான இடம் இல்லை என்று ராணி முடிவு செய்துவிடுகிறாள். தன் முட்டையைத் தானே தின்றுவிடுகிறாள். அடுத்த முயற்சிக்கு உடம்பில் கொஞ்சம் சத்தாவது மிஞ்சட்டும் என்று. எங்கள் ராணிக்கு அந்த அடுத்த முயற்சியும் கூடிவரவில்லை. பத்து நாளில் இறந்துவிட்டது.

பேரன் என்னைத் திட்டவில்லை. அழுதுகொண்டே ஒன்று கேட்டான்: "தாத்தா, நீங்க காட்டிக்கிட்டே இருந்தா அது எப்ப வளரும்?"

(அரங்கில் அமைதி)

அன்றைக்கு ராத்திரி பெங்களூரிலிருந்து மகள் பேசினாள். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொன்னாள், "அப்பா, நானும் அப்படித்தானே என் நோட்டைக் கிழிச்சுப் போட்டேன்."

நடுவர் அவர்களே, என் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது கவிதை எழுதுவாள். ஒரு நாற்பது பக்க நோட்டு. தலையணைக்கு அடியில் வைத்திருப்பாள். நான் அதை எடுத்துப் படித்தேன். நன்றாக இருந்தது. உடனே வீட்டுக்கு வந்தவரிடமெல்லாம் படித்துக் காட்டினேன். அவளையும் பக்கத்தில் நிற்க வைத்து, "இந்த இடத்திலே சந்தம் கொஞ்சம் இடிக்குது, நான் திருத்தியிருக்கேன்" என்று சிவப்பு மையில் திருத்தியதையும் காட்டினேன். பதினோராம் வகுப்பிலே அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். படிப்பு அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பதினைந்து வருஷத்துக்கும் மேலாகிறது. காரணம் என்னவென்று எனக்கு ஓர் எறும்பு வந்து சொல்ல வேண்டியிருந்தது. (நீண்ட கைதட்டல்)

இதைச் சபையில் சொல்லலாமா என்று மகளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். இந்த ஒரு தடவையாவது கேட்டேன்!

எதிரணி நண்பர்களே, நான் செய்தது என்ன? கொஞ்சல்தான். ராணியைக் கொஞ்சினேன், மகளைக் கொஞ்சினேன். கொஞ்சும்போது சந்தோஷம் யாருக்கு? எனக்கு. அந்த உயிருக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேனா? இல்லை. என் பேரன் வாரத்துக்கு ஒரு முறைதான் பார்த்தான். ஆனால் மற்ற ஆறு நாளும் அதை நினைத்தான். அறையிலே சூடு அதிகமா, பஞ்சு காய்ந்துவிட்டதா என்று யோசித்தான். அதற்குப் பெயர்தான் ஐயா, கவனிப்பு.

கார்த்திகையிலே இன்னொரு மழை. இன்னொரு ராணி கிடைத்தது. இந்த முறை குழாயை வைத்த இடம் என் அலமாரியின் அடித்தட்டு, பழைய விடைத்தாள்களுக்குப் பின்னாலே. வீட்டிலேயே யாரும் தொடாத இடம் அதுதானாம். (சிரிப்பு) நான் விரதம் இருந்தேன். எத்தனையோ விரதம் இருந்திருக்கிறேன், இதுதான் கடினம். விருந்தாளி வருவார், கை அலமாரிப் பக்கம் போகும், மனைவி என்னைப் பார்ப்பாள், கை திரும்பிவிடும்.

எட்டு வாரம். தை மாதம் ஒரு காலையில் பேரன் கிசுகிசுப்பாகக் கூப்பிட்டான். முட்டை புழுவாகி, புழு கூடு கட்டி, கூட்டிலிருந்து முதல் எறும்பு வெளியே வந்திருக்கிறது. முதல் ஈடு எப்போதும் சிறியதாகத்தான் இருக்குமாம். சவலைப் பிள்ளை மாதிரி வெளிறிக் கிடந்தது. இரண்டு நாளில் கறுத்து, பஞ்சோரம் நடந்தது. ஒரு சொட்டுத் தேன் வைத்தோம். அது குடித்துவிட்டு, எங்கே போயிற்று என்கிறீர்கள்? நேரே அம்மாவிடம் போய், வாயோடு வாய் வைத்து ஊட்டியது. அத்தனை வாரப் பட்டினிக்குப் பிறகு அந்தத் தாய்க்குக் கிடைத்த முதல் ஆகாரம், பிள்ளை ஊட்டியது. என் மனைவி சாக்பீஸை அன்றைக்குத்தான் குப்பைத் தொட்டியில் போட்டாள். (கைதட்டல்)

எறும்புக்கு இரண்டு வயிறு. ஒன்று தனக்கு. இன்னொன்று ஊருக்கு. வெளியே போய்க் குடித்ததை ஊர் வயிற்றில் சேர்த்து வந்து, கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிறது. நமக்கும் சிலருக்கு இரண்டு வயிறு உண்டு. கல்யாணப் பந்தியில் பார்க்கலாம். இரண்டும் தனக்கே! (பலத்த சிரிப்பு)

இப்போது அது ஒரு கண்ணாடித் தொட்டி. கூட்டம் பெருகிவிட்டது. தொட்டியை ஒரு தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவில் வைத்திருக்கிறோம். என் அம்மா அந்தக் காலத்தில், பலகாரத்துக்குள் எறும்பு போகாமல் இருக்கத் தண்ணீர்த் தட்டு வைப்பார்கள். என் பேரன் எறும்பு வெளியே போகாமல் இருக்கத் தண்ணீர்த் தட்டு வைக்கிறான். தலைமுறை இடைவெளி என்கிறார்களே, இவ்வளவுதான். தட்டு அதே தட்டு! (கைதட்டல்)

சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறோம். அப்போது டி.வி. ஓடுவதில்லை. (நடுவர்: ஐயா, அதையும் இங்கே சொல்லாதீர்கள்! — சிரிப்பு) பேரன் ஒரு நாள் கேட்டான், "தாத்தா, புத்தகத்திலே எறும்பு சுறுசுறுப்புன்னு போட்டிருக்கு. இங்கே பாதிப் பேர் சும்மா நிக்குதே?" நான் திகைத்துப் போனேன். அவன் பார்த்தது சரி. அமெரிக்காவிலே அரிசோனா பல்கலைக்கழகத்தார் ஒருவகைச் சிற்றெறும்பை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டிருக்கிறார்கள். கூட்டிலே ஏறத்தாழ 40 சதவீதம் சும்மாதான் இருக்கிறதாம். ஆனால் ஓடியாடி உழைத்தவர்களை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் சும்மா இருந்தவர்கள் எழுந்து அந்த வேலையைப் பிடித்துக்கொண்டார்களாம். ஆகவே வீட்டிலே சும்மா உட்கார்ந்திருக்கிற கணவன்மார்களைத் திட்டாதீர்கள் தாய்மார்களே. அவர்கள் சேமப்படை! (பலத்த சிரிப்பு)

இன்னொரு செய்தி. எறும்பிலே இளையவர்கள் கூட்டுக்குள் இருந்து குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வார்கள். ஆபத்தான வெளி வேலைக்குப் போவது வயதானவர்கள். நம் வீட்டிலே தலைகீழ். இளையவர்கள் பெங்களூர் போகிறார்கள், கிழங்கள் பேரனைப் பார்க்கிறோம். எறும்பைப் பார்த்து முதலில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இப்போது இல்லை. என் மகளிடம் கற்காமல் விட்டதை, பேரனிடம் கற்க எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறதே!

அவன் எனக்கு ஒரு திருத்தமும் சொன்னான். வரிசையிலே எறும்பு தூக்கிப் போகிறதே, அரிசி மாதிரி வெள்ளையாக, அது பெரும்பாலும் முட்டை இல்லையாம். கூட்டுப்புழுவாம். முட்டை அதைவிட மிகச் சின்னது. "பாட்டிலே முட்டைன்னுதானே இருக்கு?" என்றேன். "அவங்க ராஜா தாத்தா, தூரத்திலிருந்து பார்த்திருப்பாங்க" என்றான். (பலத்த கைதட்டல்) சிவப்பு மையால் அல்ல, சிரித்துக்கொண்டே திருத்தினான். நான் நோட்டைக் கிழிக்கவில்லை.

எதிரணியிலே ஒரு நியாயமான கேள்வி வந்தது. உயிரைப் பிடித்து அடைத்து வைப்பது பாவமில்லையா, இந்த ஆசை கடத்தலில் போய் முடிகிறதே என்றார்கள். உண்மை. 2025-இல் கென்யாவிலே இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் பிடிபட்டார்கள். சுமார் 5,000 எறும்புகள், பெரும்பாலும் ராணிகள். சோதனைக் குழாய்களில் பஞ்சு வைத்து அடைத்து வெளிநாட்டுக்குக் கொண்டுபோக இருந்தார்கள். நீதிமன்றம் 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் போட்டது. கட்டாவிட்டால் ஓராண்டு சிறை. சரியான தீர்ப்பு என்றுதான் நான் சொல்வேன். ஒரு ராணியைத் தூக்கினால் ஓர் ஊரையே தூக்கின மாதிரி. இன்னொரு நாட்டு எறும்பு இங்கே தப்பித்தால் நம் ஊர் எறும்புக்கே உலை வைத்துவிடும். அதனால் பெற்றோர்களே, பிள்ளை கேட்கிறதே என்று ராணியை விலைக்கு வாங்காதீர்கள். கூட்டைத் தோண்டாதீர்கள். மழை பெய்த மாலையில் சிறகுதிர்ந்த ராணிகள் உங்கள் வாசலுக்கே வரும். அதில் மிகப் பெரும்பாலானவை பல்லிக்கும் பறவைக்கும் போய்விடும். ஒன்றை மட்டும் எடுங்கள். பார்த்துக்கொள்ள முடியாத நாள் வந்தால், எடுத்த இடத்திலேயே விடுங்கள்.

உலகத்திலே எத்தனை எறும்பு என்று 2022-இல் ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். 20,000 லட்சம் கோடி! ஆளுக்கு 25 லட்சம் எறும்பு பங்கு வரும். ஒரு பிடி அரிசி மாவை வாசலில் கோலமாகப் போட்டு இந்தப் பங்காளிகளுக்குச் சோறு வைத்தார்கள் நம் பாட்டிமார்கள். இப்போது கல் மாவிலே போடுகிறோம். எறும்பு வருகிறது, மோந்து பார்க்கிறது, திரும்பிப் போகிறது. எங்கள் திருச்சிப் பக்கம் திருவெறும்பூரிலே, எறும்பு வடிவில் வந்த தேவர்கள் ஏறி வழிபடுவதற்காகச் சிவபெருமானே சற்றுச் சாய்ந்து கொடுத்தார் என்பது தலபுராணம். எறும்புக்காக ஆண்டவனே சாய்ந்தான். நாம் கொஞ்சம் குனியக் கூடாதா? (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். முடித்துக்கொள்கிறேன். போன மாதம் மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். எறும்புத் தொட்டி முன்னாலே வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை. பக்கத்தில் போய் நிற்கவுமில்லை. ஊருக்குப் போகிற அன்று, என் மேஜை மேல் ஒரு காகித உறையை வைத்துவிட்டுப் போனாள். பிரித்தேன். உள்ளே அவள் கையெழுத்து, நாலு பக்கம். படித்தேன்.

அதிலே என்ன இருந்தது என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். யாருக்கும் காட்டவும் மாட்டேன். அலமாரியின் அடித்தட்டிலே, பழைய விடைத்தாள்களுக்குப் பின்னாலே, பத்திரமாக இருக்கிறது. (நீண்ட கைதட்டல்)

வளர்ப்பு உயிர்கள் கொஞ்சுவதற்கல்ல, கவனிப்பதற்கே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.